சேட்டுக்கு ஒரு பிடி பனி

டாகா சேட் சாப்பாட்டு அறையின் ஜன்னல் திரையை இரண்டு விரல் அளவுக்கு விலக்கி வானத்தைப் பார்த்தார். பளிச்சென்ற நீலம். மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

பராத்தா தட்டோடு பின்னால் நின்ற ஹோட்டல் மேனேஜர் ஜியாலால் அதைக் கேட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"இன்னிக்கும் இல்லையா?" என்றார் சேட்.

"இன்னிக்கும் இல்லை, சேட்ஜி." பனியைத் திருடி எங்கேயோ ஒளித்து வைத்தவன் போல ஜியாலால் தலையைத் தொங்கப்போட்டான்.

"நாளைக்கு?"

"நாளைக்கும் வெயில்னுதான் போன்ல போட்டிருக்கான். ஆனா சேட்ஜி, இவனுங்க சொன்னது என்னிக்கு நடந்திருக்கு? இவன் வெயில்னா அன்னிக்குப் பனி கொட்டும், பாருங்க!"

சேட்டின் கையிலிருந்த பராத்தாத் துண்டு ஊறுகாய்க் கிண்ணத்துக்குள் நழுவியது. கையில் கம்பளி உறை, பிடி நிற்கவில்லை. அவர் அந்த உறையைக் கழற்றி ஹோட்டலில் ஒருத்தரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் உறை, தூங்கும்போதும் உறை.

ஜியாலாலுக்கு நெஞ்சு உருகியது. பாலைவனத்து உடம்பு. குளிர் தாங்கவில்லை. அப்படியும் பனிக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாரே!

சிம்லாவில் ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே வராது. ஜனவரியில் கீழேயிருந்து மலை ஏறி வருகிற மனிதன் பனிக்காகத்தான் வருகிறான். மரத்தில் ஆப்பிள்கூட இல்லாத மாதத்தில் வேறு எதற்கு வரப்போகிறான்?

பன்சிதர் டாகா ராஜஸ்தான் பாலைவனத்துப் பிகானேரில் அப்பள வியாபாரி. நான்கு வருஷமாக, ஜனவரியில் பத்து நாள், மனைவி ருக்மாவோடு வந்து 'ஹிம்ராணி' ஹோட்டலில் தங்குகிறார். ஹிம்ராணி என்றால் பனிராணி, ஆனால் பேரில்தான் பனி. ரயிலடியை ஒட்டி, வெயில் விழுகிற சரிவில், தாழ்வாக இருக்கிறது. மேலே ரிட்ஜ் மைதானத்தில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டினாலும், இங்கே வந்து சேர்வதற்குள் அது மழையாகிவிடும்.

ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிற அன்று, விருந்தினர் புத்தகத்தில் சேட் ஒரே வாசகத்தை எழுதிவிட்டுப் போவார். 'இந்த வருஷமும் பனி விழவில்லை. அடுத்த வருஷமும் இங்கேயேதான் வருவேன். பன்சிதர் டாகா.'

போன மாதம் அந்தப் புத்தகம் முதலாளி சூத் சாஹிப் கண்ணில் பட்டுவிட்டது. சண்டிகரிலிருந்து போனில் கத்தினார்.

"நாலு வருஷமாய்யா! நாலு வருஷமா ஒரு மனுஷன் எழுதி எழுதி வைக்கிறான். 'இங்கேயேதான் வருவேன்'னா என்ன அர்த்தம்? விடமாட்டேன்னு அர்த்தம்! பிகானேர் வியாபாரிகள் சங்கத்துக்கே அவர் தலைவர். அவர் வாயைத் திறந்து நல்லதா ஒரு வார்த்தை சொன்னா நாற்பது குடும்பம் வரும். நீ என்ன பண்றே அங்கே?"

"பனிக்கு நான் என்ன சாஹிப் பண்ண முடியும்?"

"அது எனக்குத் தெரியாது. இந்தத் தடவை அவர் பனியைத் தொடாம மலையை விட்டு இறங்கினார்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு அவர் பின்னாடியே நீயும் இறங்கு. என் மச்சான் வீட்டுல சும்மாதான் உட்கார்ந்திருக்கான்."

ஹோட்டலுக்குப் பின்னாலேயே இரண்டு அறைகளில்தான் ஜியாலாலின் குடும்பம். மேனேஜர் வேலை போனால் அந்தக் கூரையும் போகும். ஜனவரிக் குளிரில் பெண்டாட்டியையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு எங்கே போவது?

ஆகவே ஜியாலால் களத்தில் குதித்தான்.

முதல் வேலை, அறையை மாற்றுவது. வந்த வருஷத்திலிருந்தே சேட் ஏழாம் நம்பர் அறையில்தான் தங்குவார். அதன் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கும். கருமித்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சேட்ஜி, ஒண்ணாம் நம்பர் காலியா இருக்கு. மூணு பெரிய ஜன்னல். அதே வாடகைதான்."

"வேண்டாம். ஏழு எனக்கு ராசி."

பெரிய மனிதர், வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று ஜியாலால் முடிவு செய்தான். சேட் தம்பதி மத்தியானம் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது மூட்டை முடிச்சையெல்லாம் ஒன்றாம் நம்பருக்கு மாற்றிவிட்டான்.

அறைக்குள் காலை வைத்த சேட் அப்படியே நின்றார். மூன்று ஜன்னல்களிலும் மலைத்தொடர், முழுக்க முழுக்க வெள்ளை.

"அதெல்லாம்... பனியா?"

"பனியேதான் சேட்ஜி! கின்னௌர் பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"பறந்து போனா அறுபது எழுபது மைல்."

சேட்டின் முகத்துக்கு மெல்ல ரத்தம் திரும்பியது. "தூரத்துல தெரியறது கணக்குல சேராது. அன்னிக்கு விழுந்த புதுப் பனி, என் கையில படணும். அதுதான் கணக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி?" என்றாள் ருக்மா. "கையில படணும். அவருக்கு அது ரொம்ப முக்கியம்." சொல்லிவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் போலிருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போல அந்த வாசகத்தை ஜியாலால் மனதில் மடித்து வைத்துக்கொண்டான். புதுப் பனி. கையில் படணும்.

மறுநாள் காலை ஒன்றாம் நம்பரில் குழாய் உறைந்துவிட்டது. இது ஒன்றும் புதிதல்ல. பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, குழாயில் காட்டினால் இளகிவிடும். ஜியாலால் காட்டினான். சேட் பார்க்கிறாரே என்று கொஞ்சம் தாராளமாகவே காட்டினான். குழாய் வெடித்தது. கட்டில், ரஜாய்ப் போர்வை, சேட்டின் சால்வை எல்லாம் ஐஸ் தண்ணீரில் நனைந்தன.

பத்தே நிமிஷத்தில் சேட் மறுபடி ஏழாம் நம்பரில். தும்மிக்கொண்டே சிரித்தார். "பரவாயில்லை ஜியாலால், பரவாயில்லை. எனக்கு இதுவே போதும்."

'திட்டக்கூட மாட்டேங்கறாரே!' ஜியாலாலுக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் இரண்டு படி ஏறியது.

வெளியே நிலக்கரி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த கஃபார் பாயிடம் போய்ப் புலம்பினான். கஃபார் காஷ்மீர்க்காரர். வருஷா வருஷம் குளிர்காலத்துக்குச் சிம்லா வந்து முதுகில் சுமை தூக்குகிறவர்.

"பனி இங்கே வராட்டி, பனி இருக்கிற இடத்துக்கு அவரைத் தூக்கிட்டுப் போங்க மேனேஜர் சாப். மேலே குஃப்ரி மலை எதுக்கு இருக்கு?"

"அட, ஆமா!"

"இதுக்கு எனக்கு ஒரு விருந்து உண்டா?"

"உனக்கு விருந்து போட்டே நான் ஓட்டாண்டி ஆயிட்டேன் பாய். போன வருஷத்து ஆட்டுக்கறி ஞாபகம் இருக்கில்ல?"

கஃபார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவர் ஊரில் ஒரு வழக்கம். வருஷத்தின் முதல் பனி விழுந்ததும் ஒரு பிடி எடுத்து, எதிலாவது பொதிந்து, இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட வேண்டும். தெரியாமல் வாங்கினவர் தோற்றவர். விருந்து வைக்க வேண்டும். போன வருஷம் 'உங்க மாமனார் வீட்டுலேருந்து பார்சல்' என்று கஃபார் கொடுத்ததை ஜியாலால் ஆசையாக வாங்கிப் பிரித்தான். அதற்கு முந்தின வருஷம் 'பையனோட ரிப்போர்ட் கார்டு' என்று கொடுத்தபோதும் வாங்கினான். அவனுக்குப் பையனே கிடையாது, இரண்டும் பெண்கள்தான் என்பது பிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

குஃப்ரி என்றதும் சேட்டுக்கு முழங்கால் வலி வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் வயிற்றைப் பிசைந்தது. அதற்கு ஓமத்தண்ணீர் கொடுத்தால் காரில் ஏறினால் வாந்தி வரும் என்றார்.

"கடைசி சீட்டுல படுத்துக்கிட்டு வாங்க. நான் கிளம்பறேன்" என்று ருக்மா போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சேட் ஏறினார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. பிகானேர் கடையின் பதினோரு சாவிகள். வீட்டில் மருமகள் இருந்தும், அவர் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும்.

குஃப்ரியில் குதிரை. சேட் குதிரை மேல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடிவாளத்தைப் பிடிங்க ஜி!" என்றான் குதிரைக்காரன்.

"தேவையில்லை. குதிரைக்கு வழி தெரியும்."

தேவதாரு நிழலில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் பனி கிடந்தது. குதிரை லத்தியும் சேறும் கலந்து கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் பனி பனிதானே! ஜியாலாலுக்குக் கண் கலங்கியது.

"சேட்ஜி! இறங்கித் தொடுங்க!"

"இது..." சேட் கைகளை இன்னும் ஆழமாகப் பைக்குள் திணித்தார். "இது என்னிக்கு விழுந்தது?"

"இன்னிக்குக் காலைல விழுந்த புதுப் பனி ஜி!" என்றான் குதிரைக்காரன், பெருமையாக.

சேட் ஒரு துள்ளு துள்ளினார். குதிரை மிரண்டு திரும்பியது. கை இரண்டும் பைக்குள் இருந்ததால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சேட் சேற்றில் குப்புற விழுந்தார். விழும்போதும் கையை வெளியே எடுக்கவில்லை.

ஜியாலாலுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏண்டா, வாயைத் திறந்தா பொய்யா? இது போன வியாழக்கிழமை விழுந்தது! பெரிய மனுஷன் ஆசையா வந்திருக்கார், அவரை ஏமாத்தறியா? சேட்ஜி, மன்னிச்சுக்குங்க. இது பழசு. தொடாதீங்க."

சேட் சேறு பூசிய மூஞ்சியோடு எழுந்து வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "ஜியாலால்! உன்னை மாதிரி யோக்கியமான ஆளை நான் பார்த்ததே இல்லை!"

அந்தக் கட்டிப்பிடிப்பு ஜியாலாலை அசைத்துவிட்டது. இவருக்காக உயிரையே கொடுக்கலாம் என்று தோன்றியது. சாயங்காலமே சூத் சாஹிப் போனில் வந்தார்.

"என்ன ஆச்சு?"

"குதிரையிலேருந்து விழுந்துட்டார் சாஹிப்."

"பனி விழச் சொன்னா அவரைத் தள்ளி விட்டியா? இன்னும் மூணு நாள்தான் உனக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

இனி மனித முயற்சியால் ஆகாது என்பது தெளிவாகிவிட்டது. விடிந்ததும் ஜியாலால் பஸ் பிடித்துத் தன் கிராமத்துக்குப் போனான். ஊர் தேவதாவுக்கு முன்னால் தேங்காயும் சிவப்புத் துணியும் வைத்து விழுந்தான். சாமியாடி குடுமியை அவிழ்த்து உலுக்கி ஆடினார். "அனுப்பறேன்! இருபத்துநாலு மணி நேரத்துல அனுப்பறேன்!" என்று தேவதா அவர் வாயால் சொன்னார்.

ஜியாலால் திரும்பி ஓடி வந்தபோது சேட் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சேட்ஜி, கவலையை விடுங்க! எங்க தேவதாகிட்ட உங்களுக்காகப் பனி கேட்டுட்டு வந்துட்டேன். உங்க பேர், உங்க அப்பா பேர், ஊர், தெரு எல்லாம் சொல்லி வேண்டியிருக்கேன்!"

டீ சேட்டின் மூக்கு வழியாக வெளியே வந்தது. "என் பேர்லயா? யாரைக் கேட்டு?"

"இதையெல்லாம் கேட்டா செய்வாங்க சேட்ஜி? எங்க கடமை."

"உங்க... உங்க தேவதா சொன்னா நடக்குமா?"

"நடக்குமாவா! என் தங்கச்சி கல்யாணத்துக்கு வெயில் கேட்டோம். அப்படிக் காய்ஞ்சுது, ஊர்ல பாதித் தோட்டம் கருகிப் போச்சு."

சேட் டம்ளரைக் கீழே வைத்தார். "ருக்மா! பெட்டியைக் கட்டு. நாளைக்குக் காலைல பத்தே முக்கால் ரயில்ல கிளம்பறோம்."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கே?" என்றாள் ருக்மா.

"அடுத்த வருஷம் சேர்த்துக் கழிச்சுக்கலாம். கட்டு!"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டார் என்று ஜியாலாலுக்குப் புரிந்தது. பின்கட்டில் அவன் பெண்டாட்டி எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

காலை ஏழு மணிக்கு ஜியாலால் அடுப்புக்கு விறகு எடுக்க வெளியே வந்தான். மூக்கு நுனியில் ஏதோ சில்லென்று உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தான். இமையில் ஒன்று. உதட்டில் ஒன்று.

பனி!

ஹிம்ராணியின் தகரக் கூரை மேல், முற்றத்து நாற்காலி மேல், ரயிலடி வரைக்கும் பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜியாலால் விறகை எறிந்துவிட்டு ஓடினான். ஏழாம் நம்பர் கதவைத் தடதடவென்று தட்டினான்.

"சேட்ஜி! சேட்ஜி! வந்துடுச்சு!"

"ரயிலா?"

"பனி சேட்ஜி! புதுப் பனி!"

உள்ளேயிருந்து கதவின் இரண்டாவது தாழ்ப்பாளும் போடுகிற ஓசை கேட்டது.

"எனக்கு ஜுரம்" என்றது சேட்டின் குரல்.

"ஐயோ! இந்த நேரத்துலயா ஜுரம் வரணும்!" ஜியாலால் கதவிலேயே நெற்றியை முட்டிக்கொண்டான்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. சேட் தலையோடு சால்வை போர்த்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, உறைக்கு மேல் உறையாக இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு நின்றார். "ரெண்டு குடை வேணும். ஒண்ணு எனக்கு மேல, ஒண்ணு பக்கவாட்டுல. நேரா ரயிலுக்கு."

ஜியாலால் ஓர் ஓரமாக ஒதுங்கி முதலாளிக்குப் போன் போட்டான். "சாஹிப், பனி கொட்டுது. ஆனா சேட்டுக்கு ஜுரம். கையைக்கூட வெளியே எடுக்க மாட்டேங்கறார்."

"கையில பட்டுதா இல்லையா?"

"இன்னும் இல்லை."

"அப்ப பட வை! போனை வைக்காதே. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

பெட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டிருந்த கஃபாரின் சட்டையைப் பிடித்து இழுத்தான் ஜியாலால். "பாய், வேலையே போகுது. ஏதாவது வழி சொல்லு!"

கஃபார் நிதானமாகச் சேட்டைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, மறந்துட்டீங்களா? பொதிஞ்சு கொடுங்க. ஆனா, உறையைக் கழட்டி வாங்கற பொருளா இருக்கணும்."

ஜியாலாலின் மூளையில் விளக்கு எரிந்தது. தேவதா முன்னால் வைத்து எடுத்து வந்த சிவப்புத் துணி மேஜையில் கிடந்தது. முற்றத்துக்கு ஓடி, ஒரு பிடி அள்ளிப் பொதிந்தான். தேவதா கோபிக்க மாட்டார். அவர் அனுப்பிய சரக்குதானே இது!

"சேட்ஜி, ஒரு நிமிஷம். எங்க தேவதா பிரசாதம். இதை மட்டும் வாங்கிட்டுப் போங்க."

சேட் குடைக்கடியில் இருந்தபடியே உறை போட்ட கையை நீட்டினார்.

"கம்பளியோடயா பிரசாதம் வாங்குவாங்க?" என்றாள் ருக்மா. "கழட்டுங்க."

"குளிருது ருக்மா."

"சாமிகிட்ட போய்க் குளிருதுன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

ஒரு உறை கழன்றது. அதற்குள் இன்னொன்று. அதுவும் கழன்றது. வெளிறிப்போன உள்ளங்கை மெல்ல நீண்டது. ஜியாலால் பொட்டலத்தை வைத்து, தானே துணியைப் பிரித்துக் கவிழ்த்தான்.

உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று ஒரு பிடி.

"தோத்துட்டீங்க சேட்ஜி!" கஃபார் பெட்டியோடு குதித்தார். "விருந்து! விருந்து!"

சேட் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி உருகி விரலிடுக்கில் வழிந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு அடியிலிருந்து இரண்டு கோடுகள் கன்னத்தில் இறங்கின. இன்னொரு கை இடுப்புக்குப் போனது. பதினோரு சாவிகளும் கொத்தோடு ருக்மாவின் கைக்கு மாறின.

ஜியாலால் போனில் கூவினான். "பட்டுடுச்சு சாஹிப்! கையில பட்டுடுச்சு! அழறார்! ஆனந்தக் கண்ணீர்! சந்தோஷத்துல கடைச் சாவியையே கழட்டிக் கொடுத்துட்டார்!"

ருக்மா சாவிக்கொத்தை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆனந்தமா? 'புதுப் பனி என் கையில படற அன்னிக்குத்தான் கடைச் சாவியை மருமக கையில கொடுப்பேன்'னு பாலைவனத்துல ஏது பனிங்கற தைரியத்துல குலதெய்வத்து முன்னாடி சத்தியம் பண்ணினவர், தம்பி. ஊருக்குப் போனதும் இது அவ கைக்குப் போகும். வருஷா வருஷம் பத்து நாள் பனி மலையில வந்து தங்கணும்ங்கறது நான் போட்ட நிபந்தனை, எந்த ஓட்டல்ங்கறது மட்டும் அவர் இஷ்டம். இந்த மலையிலேயே பனி விழாத ஓட்டல் இது ஒண்ணுதான்னு ஊர் பூரா விசாரிச்சுக் கண்டுபிடிச்சு வச்சிருந்தார், பாவம்!"